ஆசாம்போய் சப்பினா தாகம் அடங்குமா?

குழு: பீடோர் தாமான் டயாலிசிஸ் வீடுகள் (கிட்னி போனதால மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்றவங்க குடும்பங்கள்; மிஸ்ஸின்னா நர்ஸ்)
ஞாயிறு

ரவி (மாலை 6:40): மிஸ்ஸி, அப்பா வெள்ளிக்கிழமை மெஷின்ல இருந்து இறங்கறப்ப 58.0 கிலோ. இப்ப வீட்டுத் தராசுல 61.2. முறை நாளைக்குக் காலையிலதான். வாய் காயுதுன்னு ஆசாம்போய் சப்பிக்கிட்டே இருக்காரு.

கமலா மிஸ்ஸி (6:43): படுத்தா மூச்சு முட்டுதா? முட்டினா நாளைக்கு வரைக்கும் காக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்க.

ரவி (6:44): இல்ல மிஸ்ஸி, நல்லாத்தான் படுக்குறாரு. கணுக்கால் மட்டும் வீக்கம்.

கமலா மிஸ்ஸி (6:47): சரி. அந்த ஆசாம்போயத் தூக்கிப் போடுங்க. அது உப்புல ஊறுன பழம். அப்போதைக்கு எச்சில் ஊறும், பின்னாலயே தாகம் வரும். 8 கிராம் உப்பு உள்ள போனா உடம்பு 1 லிட்டர் தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். 1 லிட்டர்னா 1 கிலோ. உப்பக் குறைக்காம தண்ணிய மட்டும் பூட்டி வெச்சா திருடித்தான் குடிப்பாங்க.

தேவி அக்கா (6:49): கிச்சாப் மாசின் (உப்பு சோயா சாஸ்), கருவாடு, பெலாச்சான் (இறால் விழுது), மேகி தூள் எல்லாம் அதே கணக்குதான் தம்பி. கிச்சாப் ஒரு மேசைக்கரண்டியிலயே 2 கிராமுக்கு மேல உப்பு. நாள் முழுசுக்கும் 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி.

ரவி (6:50): சோடியம் கம்மி உப்புன்னு கடையில விக்குதே?

கமலா மிஸ்ஸி (6:50): வேணவே வேணாம்!! அதுல பொட்டாசியம். நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திடும்.

மணி அண்ணன் (6:55): நாளைக்கு ஏறின தண்ணி எப்படியும் 3.6 லிட்டர் கிட்ட வரும். 58 கிலோ ஆளுக்கு மணிக்கு, கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல தண்ணி இழுக்காம இருக்கிறது நல்லது. அப்ப மணிக்கு 754, 4 மணி நேரத்துக்கு 3 லிட்டர். மிச்சத்தையும் சேர்த்து இழுத்தா பிரஷர் விழும், கெண்டைக்கால் இழுக்கும். நேரத்தக் கூட்டச் சொல்லு, இல்லன்னா இன்னொரு நாள் வரச் சொல்வாங்க. மெஷின்ல சோடியம் எவ்வளவு வெச்சிருக்காங்கன்னும் டாக்டர்கிட்ட கேளு. ரத்தத்துல இருக்கிறத விடக் கூட இருந்தா, இறங்கினதும் தாகம் தூக்கும்.

தேவி அக்கா (7:01): தாகம் வேற, வாய் காயுறது வேற. வாய் காஞ்சா வாய மட்டும் நனைங்க. செண்ட் பாட்டில் மாதிரி சின்ன ஸ்பிரே வாங்கி, குளிர்ந்த தண்ணி ஊத்தி நாக்குக்கு அடியில அடிங்க. பத்துத் தடவை அடிச்சாலும் ஒரு தேக்கரண்டி வராது. சீனி இல்லாத சுவிங்கமும் நல்லது. ஐஸ் சப்பினா அதுவும் தண்ணிதான், ஒரு கட்டிய உருக்கி அளந்து பாத்துக்குங்க. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் இன்னும் காய வைக்கும்.

கமலா மிஸ்ஸி (7:03): சளிக்கோ அரிப்புக்கோ பிரிட்டோன் போடுறாரா? அதுவும் வாயக் காய வைக்கும். ரத்தத்துல சீனி எவ்வளவு இருக்குன்னு இப்பவே குத்திப் பாருங்க. 15, 18 மில்லிமோல்னு நின்னா எந்த ஸ்பிரேயும் உதவாது.

ரவி (7:09): சீனி 8.1. பிரிட்டோன் ராத்திரி ஒண்ணு.

கமலா மிஸ்ஸி (7:10): டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திக் குடுப்பாங்க.

பெரியசாமி மாமா (7:12): எங்க வீட்டுப் பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) நல்லா புளிக்கும், நாலு பறிச்சு அனுப்பவா?

கமலா மிஸ்ஸி (7:12): ஐயோ மாமா, கிட்னி போனவங்களுக்கு அது விஷம். நிக்காத விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகும், உயிரே போயிருக்கு.

ரவி (7:15): தண்ணி எவ்வளவுதான் குடுக்கலாம்? மூத்திரம் நாளுக்கு 200 மில்லி வருது.

தேவி அக்கா (7:18): அதோட 500 சேர்த்து 700. காலையில ஒரு போத்தல்ல 700 ஊத்தி வைங்க. அவரு தே (டீ) குடிச்சா, கஞ்சி, ரசம் குடிச்சா அதே அளவு போத்தல்ல இருந்து கீழ ஊத்திடுங்க. போத்தல் காலின்னா அன்னிக்குக் கணக்கு முடிஞ்சுது. கல்சியம் மாத்திரைக்குத் தனியா தண்ணி வேணாம், சோத்து உருண்டையோட போகட்டும்.

ரவி (7:21): அப்பா கேக்கச் சொல்றாரு: நாளைக்கு மெஷின்ல இருக்கும்போது ரொட்டி சானாய்?

கமலா மிஸ்ஸி (7:22): இறங்கின பிறகு. குழம்பு தொட்டுக்க மட்டும், ஊத்தக் கூடாது 😄