பெரியப்பாவின் பணமும் ஐம்பத்தோராம் சங்கீதமும்

ரங்கூனிலிருந்து

மனிதருக்குக் கடவுள் எதற்குத் தேவை என்ற கேள்விக்கு, இந்தக் கடிதப் பகிர்வில் எனக்கு முன் எழுதிய நீங்கள் நோய் நீங்கியதையும் வேலை கிடைத்ததையும் ஆபத்தில் தப்பியதையும் சாட்சியாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எனக்குக் கடவுள் தேவைப்பட்டது எதையும் பெற்றுக்கொள்வதற்காக அல்ல. நான் எடுத்துக்கொண்டதை யாருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ அவர் இறந்துபோனதால்தான். என் மனைவியையும் வேறு இருவரையும் தவிர யாருக்கும் தெரியாத செய்தி இது.

1987-இல் எனக்கு முப்பது வயது. சந்தையை ஒட்டி ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருந்தேன். அரிசி ஆலையில் எடை போடும் வேலை பார்த்த என் பெரியப்பா, தம் ஒரே மகளின் கல்யாணத்துக்காக மாதந்தோறும் மிச்சம் பிடித்த பணத்தை என்னிடம் கொடுத்து வைப்பார். வங்கி என்றாலே அவருக்கு ஆகாது. 1964 மே மாதத்தில் பர்மிய நாணயமான சாட்டின் ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தபோது சேமிப்பை இழந்து, கடைகளும் அரசுடைமையானதால் சென்னைக்குக் கப்பல் ஏறிய உறவினர்களைத் துறைமுகம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர் அவர். 1985-இல் மறுபடியும் இருபது, ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. ஆகவே பணம் கொடுக்கும்போதெல்லாம், “பெரிய நோட்டைச் சின்ன நோட்டாக மாற்றி வை, தம்பி” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கடையில் பத்து சாட் நோட்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் நானும் அவ்வாறே மாற்றி, ரப்பர் வளையம் போட்டு, பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். என் சொந்தப் பணத்தை மட்டும் எழுபத்தைந்து, முப்பத்தைந்து சாட் நோட்டுகளாக வைத்திருந்தேன். கட்டு சிறியதாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து சாட் நோட்டுகள் இனிச் செல்லா என்று வானொலி அறிவித்தது. ஈடாக எதுவும் தரப்படவில்லை. பின்னர் அவற்றுக்குப் பதிலாக நாற்பத்தைந்தும் தொண்ணூறும் வந்தன. ஒன்பதால் வகுபடும் எண்ணின் மேல் அப்போதைய ஆட்சியாளர் நெ வின்னுக்கு இருந்த நம்பிக்கைதான் காரணம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. அந்தப் பிற்பகலில் கடைக்கதவைச் சாத்திவிட்டு நான் டப்பாவைத் திறந்தேன். பெரியப்பாவின் பத்து சாட் கட்டுகளில் என் கடையின் மஞ்சள் தூள் வாசனை அடித்தது. அவற்றை எடுத்து என் பெட்டியில் வைத்தேன். என்னுடைய எழுபத்தைந்து சாட் நோட்டுகளை அதே தொகைக்கு எண்ணி, அதே ரப்பர் வளையத்தைப் போட்டு டப்பாவில் வைத்தேன். மாலையில் அவர் வந்தபோது நான் சொன்னது ஒரே வாக்கியம்: “இன்னும் மாற்றவில்லை, பெரியப்பா.”

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். கட்டிலிருந்து ஒரு நோட்டை உருவி, அதிலிருந்த ஜெனரல் ஆங் சானின் படத்தைப் பார்த்தார். பிறகு, “உன் பணமும் போயிருக்குமே, தம்பி. கடையை எப்படி நடத்துவாய்?” என்று கேட்டார். மறுநாள் ஒரு சிறு மூட்டை அரிசியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து கடைவாசலில் இறக்கினார். அந்த அரிசியை நாங்கள் சமைத்துச் சாப்பிட்டோம்.

அக்காவின் கல்யாணம் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. 1996-இல் பெரியப்பா காலமானபோது பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் என் தோளைத் தட்டி, பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்திருக்காது என்றார்.

நாங்கள் வாழ்வது பௌத்தர்களின் நடுவில். 2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். அவர்களிலும் தமிழர்கள் ஒரு சிறு கூட்டம். தடிஞ்சுட் விளக்குத் திருநாளில் எங்கள் தெருப் பிள்ளைகள் பழமும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, பெரியவர்கள் முன் மண்டியிட்டு வணங்கி, எண்ணத்தாலும் சொல்லாலும் செயலாலும் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி கேட்பார்கள். கடோ என்று அதற்குப் பெயர். பெரியப்பா உயிரோடு இருந்த ஒன்பது அக்டோபர்களிலும் அந்த விளக்குகளை நான் பார்த்தேன். ஒரு முறை மண்டியிட்டிருந்தால் போதும். நான் போகவில்லை.

அவர் போன பிறகு, பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம், யாருக்கோ நடந்தது போல இதைச் சொல்லி வழி கேட்டேன். அவரை நாங்கள் சயா என்றே அழைப்போம். இறந்தவர் பெயரில் பிக்குகளுக்கு உணவளித்து, அந்தப் புண்ணியத்தை எல்லா உயிர்களோடும் பகிர்ந்துகொள்ளச் சொன்னார். தனக்குத் தானே புகலிடம் என்பது புத்தரின் வாக்கு என்றும், செய்த வினையை வேறொருவர் துடைக்க முடியாது என்றும் மிகுந்த பரிவோடு விளக்கினார். அவர் சொன்னதில் பாதியை நான் இன்றும் ஏற்கிறேன். வினை தானாகக் கரையாது என்பதைப் பத்தாண்டுகள் சுமந்து பார்த்தவன் நான். ஆனால் எனக்கு நானே புகலிடம் என்றால், என்னை ஏமாற்றியவனிடமே நான் போய் ஒதுங்க வேண்டியிருந்தது.

கடைசியில் அக்காவிடம் போனேன். 1987-இல் அந்தத் தொகைக்கு எவ்வளவு தங்கம் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் பார்த்து, அந்த அளவுக்கு அன்றைய விலையில் பணம் கொண்டுபோய் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வெகு நேரம் அழுதார். பிறகு அவர் சொன்னது இது: “என் பங்கை மன்னித்துவிட்டேன், தம்பி. அப்பாவின் பங்கை நான் எப்படி மன்னிப்பேன்? அது என்னுடையது இல்லையே.”

இதைவிடச் சரியான இறையியலை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. பாதிக்கப்பட்டவர்தான் மன்னிக்க முடியும். அவர் மண்ணுக்குள் இருக்கிறார். அப்படியானால் என் கடன் எந்தக் காலத்திலும் தீராத கடன்.

பைபிளில் தாவீது ராஜா மன்னிப்புக் கேட்டுப் பாடும் ஐம்பத்தோராம் சங்கீதத்தைச் சிறுவயதிலேயே மனப்பாடமாகச் சொல்வேன். “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்று தாவீது சொல்லும் இடம் வரும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லவும் வைத்துவிட்டு, தேவன் ஒருவருக்கே விரோதம் என்றால் உரியா யார்? அக்கா வீட்டிலிருந்து திரும்பிய இரவில்தான் அந்த வரி எனக்கு வேறு விதமாகக் கேட்டது. உரியாவை ஒதுக்கிவிட்டுத் தாவீது தேவனிடம் போகவில்லை. உரியா இருக்கும் இடமே தேவனுடைய கையாக இருந்தது. அவனுக்காகப் பேசும் உரிமை வேறு எவருக்கும் மிஞ்சவில்லை. இறந்தவனின் வழக்கையும் விடாமல் வைத்திருக்கிற ஒருவர் இல்லையென்றால், என் பெரியப்பாவுக்கு நான் செய்தது அவருடைய உடலோடு புதைந்த ஒரு தந்திரம் மட்டுமே; அதற்கு நீதியும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது.

மன்னிப்பு என்பது என்ன என்பதும் கடைக்காரனுக்குத் தெரியும். கடன் பேரேட்டில் ஒரு ஏழையின் வரியை நான் அடித்துவிட்டால் அந்தத் தொகை மாயமாகப் போய்விடுவதில்லை. அவன் கணக்கிலிருந்து என் கணக்குக்கு வந்து சேர்கிறது. “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மத்தேயு நற்செய்தி வைத்திருக்கும் சொல் கடன் என்பதே. சிலுவையைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அடிக்கப்பட்ட வரியின் தொகையை ஏற்றுக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார்.

பெகுவிலிருந்து

அண்ணன் எழுதியதைப் படித்தபின் என் அனுபவத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் அதில் எனக்கு எதுவும் தீரவில்லை. நான் கத்தோலிக்கப் பெண். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நியாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போவது எங்கள் குடும்ப வழக்கம்.

2021 ஜூலையில் கொரோனாவின் மூன்றாம் அலையின்போது என் கணவருக்கு மூச்சுத் திணறியது. நாடெங்கும் ஆக்சிஜனுக்குத் தட்டுப்பாடு; காலிச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். என் மகன் வரிசையில் நின்றான். நான் கட்டில் அருகே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது மறையுண்மையில் இருந்தபோது அவருடைய மூச்சு நின்றது. மகன் சிலிண்டரோடு வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதன் பின் ஓராண்டு காலம் நான் கடவுளோடு சண்டை போட்டேன். செபம் என்று அதைச் சொல்ல முடியாது. எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று திருப்பாடலில் வரும் கேள்வியை மட்டும் தினமும் கேட்டேன். எங்கள் பங்குக் குரு எனக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கேட்க ஆளே இல்லை என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தால் அந்த ஓராண்டும் சுவரோடு பேசியவளாகியிருப்பேன். என் பக்கத்தில் பலர் விதி என்று சொல்லித் தேற்றிக்கொண்டார்கள். விதியின் மேல் யாரும் கோபப்பட முடியாது. எனக்குக் கோபப்பட ஒருவர் தேவைப்பட்டார். அவரும் தம் மகன் சிலுவையில் மூச்சுத் திணறிச் சாவதைப் பார்த்தவர் என்பதால் என்னால் அவரை விட்டுப் போகவும் முடியவில்லை.

மாண்டலேயிலிருந்து

இருவரையும் மதித்து ஒரு மறுப்பை முன்வைக்கிறேன். 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் பூமி அதிர்ந்தபோது நான் இங்கேதான் இருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை, ரமலான் மாதம். பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் மேல் கூரை விழுந்தது; பௌத்த மடங்களும் இடிந்தன. அன்று மாலை நான் செங்கல் அகற்றிய இடத்தில் யாருக்கும் யாருடைய மதமும் தெரியாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். தாகம் எடுக்கிறது என்பதற்காகப் பக்கத்தில் கிணறு இருக்கிறது என்று ஆகிவிடாது. உங்களுக்கு மன்னிப்பவர் ஒருவர் தேவைப்பட்டார், சகோதரிக்கு முறையிட ஒருவர் தேவைப்பட்டார். தேவை உண்மை. அதனால் கடவுள் உண்மை என்று எப்படிச் சொல்வது? நான் ஞானஸ்நானம் பெற்றவன்தான், ஆலயத்துக்கும் போகிறேன். இருந்தாலும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மீண்டும் ரங்கூனிலிருந்து

மாண்டலேத் தம்பி சொல்வது நியாயம். தேவை என்பது நிரூபணம் அல்ல. நான் நிரூபணமாக எதையும் எழுதவில்லை. வேறு கதவெல்லாம் தட்டிப் பார்த்தபின் எந்தக் கதவருகே வந்து நின்றேன் என்பதை மட்டுமே எழுதினேன். தேவையே உணராதவரிடம் இதைப் பேசுவதும் எளிதல்ல. அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813 ஜூலையில் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன் மாதத்தில். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். பர்மியத் திருமறையில் கடவுளைக் குறிக்க, இங்குள்ளவர்கள் புத்தரையும் பகோடாவையும் குறிக்கும் பயா என்ற சொல்லோடு நித்தியர் என்ற அடைமொழி சேர்க்கப்பட்டிருக்கிறது. சயாவும் நானும் ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு வேறு பொருள்களை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

பெகு சகோதரிக்கு நான் பதில் எழுத மாட்டேன். அவருக்காக ஜெபிக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். சென்ற தடிஞ்சுட் நாளில் தேநீர்க் கடையில் அமர்ந்து, யாருக்கோ நடந்ததாக முன்பு சொன்ன கதை எனக்கு நடந்தது என்பதைச் சயாவிடம் ஒப்புக்கொண்டேன். பெரியப்பாவிடம் கொடுத்த செல்லாத நோட்டுகளில் ஒன்றை, அவர் காலமான பின் அவருடைய பைபிளில் கண்டெடுத்து அக்கா எனக்குக் கொடுத்திருந்தார், அதையும் காட்டினேன். அவர் அதைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். அந்த நாளில் அவருக்கும் ஒரு மாதச் சம்பளம் போயிருந்ததாம்.

“உங்கள் நம்பிக்கைப்படி பெரியப்பாவை மறுபடியும் பார்ப்பீர்களா?” என்று கேட்டார்.

பார்ப்பேன் என்று நம்புவதாகச் சொன்னேன்.

“பார்த்ததும் என்ன சொல்வீர்கள்?”

அதை நான் பல ஆண்டுகளாகச் சொல்லிப் பழகி வைத்திருக்கிறேன். “அன்றைக்கே மாற்றிவிட்டேன், பெரியப்பா” என்றேன்.

சயா நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேசையிலிருந்த பிளாஸ்கை எடுத்து இரண்டு கோப்பைகளிலும் வெறும் தேநீர் ஊற்றினார்.