டெட் கீ: நகரா விசையா, ஊமைச் சாவியா?

செம்பூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் பழைய தட்டச்சுப்பொறிகளைக் காட்சிக்கு வைக்கிறோம். கோத்ரெஜ் 1955-இல் மும்பையில் செய்யத் தொடங்கியதிலிருந்து எல்லாவற்றுக்கும் விளக்க அட்டை எழுதிவிட்டேன். டெட் கீக்குத் தமிழ்ப் பெயர் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன். தட்டினால் குறி தாளில் விழும், தாளைத் தாங்கி நகரும் கேரேஜ் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் விழுந்து குறியோடு சேரும். பிரெஞ்சுப் பொறியில் உயிரெழுத்தின் தலையில் கூரை போட்டதும் இப்படித்தான். ‘செத்த விசை’ என்று எழுதினால் ஏழாம் வகுப்பு முழுக்கச் சிரிக்கும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து:
நகரா விசை. ஏற்கெனவே புழங்கும் சொல். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்தில் குறையே இல்லை. முடிந்தது.

டோம்பிவிலியிலிருந்து:
எங்கே முடிந்தது ஐயா? விசை விரலுக்குக் கீழே நன்றாகத்தான் இறங்குகிறது, நகராதது கேரேஜ். இயற்பியல் படிக்கும் பிள்ளை ‘நகரா விசை’ என்றால் நிலை உராய்வு என்று நினைத்துக்கொள்ளும். ‘ஊமைச் சாவி’ போடுங்கள். சாவி போர்ச்சுகீசியம், தமிழல்ல என்று யாரோ வரப்போகிறார்கள், தெரியும். மராத்திக்காரரும் சாவி என்றுதான் சொல்கிறார், அவருக்கு வலிக்கவில்லை. அதோடு நம் வயற்காட்டில் மணி பிடிக்காத பயிரைச் ‘சாவியாகப் போச்சு’ என்பார்கள். ஆக, சாவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. யோசித்தால் ஊமைகூட வேண்டாம், வெறும் சாவியே டெட் கீதான்!

மாட்டுங்காவிலிருந்து:
அப்போது வீட்டுப் பூட்டுக்கு என்ன போடுவீர்கள்?

முலுண்டிலிருந்து:
தமிழ் டைப்பிங்கில் வயிறு வளர்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். சாதாரண விசையைத் தட்டினால் அச்சுக்கரம் தாளில் மோதும்போது பின்னாலிருக்கும் பல்சக்கரம் ஒரு பல் விடும். கேரேஜ் ஓர் எழுத்து தள்ளும். டெட் கீயில் அந்த இணைப்பு இருக்காது, அவ்வளவுதான். தமிழுக்கு இது உயிர்நாடி. ‘க்’ அடிக்கப் புள்ளியை முதலில் தட்டி, பிறகு ‘க’வைத் தட்டவேண்டும். கண் படிப்பது ஒரு வரிசை, விரல் போவது இன்னொரு வரிசை. பழகும்வரை புள்ளியெல்லாம் பக்கத்து எழுத்தின் தலையில் உட்காரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வேலைபார்த்த ஆர். முத்தையா தமிழ்ப் பொறி வடிவமைத்தபோது இந்த வழியைத்தான் பிடித்தார். காலும் கொம்பும் தனக்கென்று இடம் எடுத்துக்கொள்வதால் அவற்றுக்கு இது தேவையில்லை. உகரம்தான் தலைவலி: கு, மு, து என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம்.

டீச்சர், அட்டையில் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலப் பொறி பலவற்றில் ஆச்சரியக்குறி இருக்காது. ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டி, பேக்ஸ்பேஸ் போட்டு, அடியில் புள்ளி வைப்போம். அது டெட் கீ அல்ல, மேலடிப்பு. இரண்டையும் ஒரே அட்டையில் கலக்கவேண்டாம். என் ஓட்டு ‘முன்குறி விசை’க்கு. என்ன செய்கிறது என்று சொல்லவேண்டாமா?

அந்தேரியிலிருந்து:
“மெய்யின் வழியது உயிர்தோன்று நிலையே” என்கிறது தொல்காப்பியம். முதலில் மெய், அப்புறம் உயிர். டைப்ரைட்டர் இகரக் குறியை முன்னால் தட்டவைத்து அதைக் கவிழ்த்தது. கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் எழுத்துக்குப் பிறகு குறி வந்து திரும்பவும் நேராயிற்று. ‘முறைமாற்று விசை’ எப்படி?

டோம்பிவிலியிலிருந்து:
அந்த நூற்பா ஒலியைப் பற்றியது, விரலைப் பற்றியதல்ல. புள்ளியை உயிரில் சேர்த்த பாவமும் உங்களுக்கே.

அந்தேரியிலிருந்து:
இகரம் என்றுதானே எழுதினேன்? புள்ளி எங்கே வந்தது?

மாட்டுங்காவிலிருந்து:
நாளை வியாழன். ஞாபகம் இருக்கட்டும்.

செம்பூரிலிருந்து:
எல்லாருக்கும் நன்றி. ‘நகரா விசை’ என்றே போட்டுவிட்டேன், பக்கத்தில் டெட் கீ என்றும். முன்குறி எனக்கும் பிடித்தது. ஆனால் நகராது என்பதைப் பிள்ளை பொறியைத் தட்டிப் பார்த்தே புரிந்துகொள்ளும். மேலடிப்புக்குத் தனி அட்டை வைக்கிறேன், முலுண்டு அக்கா.

முலுண்டிலிருந்து:
சரி, நகரட்டும்.

டோம்பிவிலியிலிருந்து:
அட்டையில் போடுங்கள், என் அகராதியில் சாவிதான். அது கிடக்கட்டும், கேரேஜுக்கு என்ன தமிழ் எழுதினீர்கள்? ‘வண்டி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.