டபுள் பாயிண்டர்: 3 வரிசைக்கு ஓடுகிறது, 10 வரிசைக்கு செக்மென்டேஷன் ஃபால்ட்

சி_புதுசு:
சி மொழியில் மாலக் (நினைவகத்தில் இடம் ஒதுக்கும் ஃபங்ஷன்) வைத்து ஒரு மேட்ரிக்ஸ் உருவாக்குகிறேன். மேட் என்று ஒரு இன்ட் டபுள் பாயிண்டர் (பாயிண்டர் முகவரியை வைத்திருக்கும், டபுள் என்றால் பாயிண்டர் இருக்கும் இடத்தின் முகவரியை), அதற்கு வரிசை எண்ணிக்கையை சைஸ்ஆஃப் இன்ட்டால் (ஒரு இன்ட் பிடிக்கும் பைட் எண்ணிக்கை) பெருக்கி மாலக், அப்புறம் லூப்பில் வரிசைக்கு 4 இன்ட் வீதம் தனித்தனி மாலக், எல்லாம் ஒதுக்கி முடித்த பிறகு 0 நிரப்புகிறேன். 3 வரிசை என்றால் சுத்தமாக ஓடுகிறது, ஒரு வார்னிங்கூட இல்லை. 10 கொடுத்தால் இன்டெக்ஸ் 6-ஐ நிரப்பும்போது செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் புரோகிராம் நிற்பது) வந்து விழுகிறது. 64 பிட் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர். லூப்பில் என்ன தப்பு?

பைட்_கணக்கு:
லூப்பில் ஒன்றுமில்லை, அதற்கு முந்தைய மாலக்கைப் பாருங்கள். மேட் காட்டும் இடத்தில் உட்காரப்போவது இன்ட் இல்லை, இன்ட் பாயிண்டர்கள். உங்கள் மெஷினில் இன்ட் 4 பைட், பாயிண்டர் 8. ஆக 80 பைட் வேண்டிய இடத்தில் 40தான் கேட்டிருக்கிறீர்கள். சைஸ்ஆஃபில் டைப் பெயர் எழுதுவதை விட்டுவிட்டு ஸ்டார் மேட் (மேட் காட்டும் இடத்தில் இருப்பது) என்று எழுதுங்கள், எத்தனை ஸ்டார் வந்தாலும் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

சி_புதுசு:
சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் 3 வரிசைக்கும் 24 பைட் வேண்டுமே, 12தானே கேட்டேன்?

ஹீப்_ஆசாமி:
அது ஜிலிப்சியின் (லினக்ஸில் மாலக்கைத் தரும் சி லைப்ரரி) தயவு. 64 பிட்டில் நீங்கள் 1 பைட் கேட்டாலும் அது 24 பைட் புழங்குகிற துண்டைத்தான் தரும், அதில் 3 பாயிண்டர் கச்சிதமாக அடங்கிவிட்டது. 10 வரிசையில் மேட் 0 முதல் 4 வரை 40 பைட்டுக்குள் முடிந்துவிடும், மேட் 5 அடுத்த துண்டின் (அதுதான் 0-ஆவது வரிசை) அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தில் ஏறிவிடும் (இது இடத்தை விடுவிக்க ஃப்ரீ பண்ணும்போதுதான் வெடிக்கும்), மேட் 6 இருக்கும் இடமோ 0-ஆவது வரிசையின் முதல் இரண்டு எண்களுக்கு உரிய இடம். அங்கே நீங்கள் 0 நிரப்பியதும் மேட் 6-இல் இருந்த முகவரி அழிந்து நல் (எதையும் காட்டாத 0 முகவரி) ஆகிவிட்டது. அதனால்தான் குறிபார்த்த மாதிரி 6-இல் விழுந்தது. வேறு மெஷினில் வேறு இடத்தில் விழலாம், விழாமலும் போகலாம், அதுதான் இன்னும் மோசம். அட்ரஸ் சானிடைசரை (நினைவகத் தப்புகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதி) போட்டு கம்பைல் பண்ணுங்கள், 3 வரிசையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பைட்_கணக்கு:
இன்னொன்று, ஃப்ரீ பண்ணும்போது முதலில் வரிசைகள், கடைசியில் மேட். மாற்றிச் செய்தால் வரிசைகளின் முகவரியை ஏற்கெனவே விடுவித்த இடத்தில் போய்த் தேட வேண்டிவரும். என்னைக் கேட்டால் எல்லா வரிசையும் ஒரே நீளம் என்கிறபோது டபுள் பாயிண்டரே தேவையில்லை, மொத்தத்துக்கும் ஒரே மாலக், வரிசை பெருக்கல் 4 கூட்டல் நிரல் என்று இன்டெக்ஸ் போட்டால் போதும்.

சி_புதுசு:
லேபில் டபுள் பாயிண்டரில்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அது முடிந்ததும் இதையும் எழுதிப் பார்க்கிறேன்.