வள்ளம் இழுக்க எந்த டபுள் கெப்? 60ஐத் தாண்டினால் ட்ரெய்லர் வாலாட்டுகிறது

நிலாவெளியான்:
அண்ணாமார், ஒரு உதவி. சீசனில் நிலாவெளியிலிருந்து டொல்பின், திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றுகிறோம், வாடைக்காற்று தொடங்கினால் இங்கே வேலை இல்லை, வள்ளத்தை ட்ரெய்லரில் போட்டு ஏ12 பிடித்து அனுராதபுரம், புத்தளம் தாண்டிக் கற்பிட்டிக்குக் கொண்டுபோவோம். இப்போது இழுப்பது பழைய 2.5 லீட்டர் என்ஜின் கெப். 60க்கு மேல் போனால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கி, கெப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. வள்ளம், என்ஜின், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 1,400 கிலோ வரும், ட்ரெய்லரில் பிரேக் இல்லை. பெரிய கெப் எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஹைலக்ஸ் 2.8, டி-மக்ஸ் 3.0, ரேஞ்சர், எது நல்லது? ஒருவர் எஃப்-250 என்கிறார்.

டீசல் தம்பி:
எஃப்-250யை விடுங்கள், நம்ம ஒழுங்கையில் திருப்பவே ஆள் இறங்கி நிற்க வேண்டும். புது ஹைலக்ஸ் 2.8 ஓட்டோ கியரில் டோர்க், அதாவது என்ஜினின் சுழற்று விசை, 500 நியூட்டன் மீட்டர், டி-மக்ஸ் 3.0இல் 450. உங்கள் பாரத்துக்கு இரண்டுமே தாராளம்.

கிண்ணியா நானா:
தம்பி, டோர்க்கால் வால் ஆடுவது நிற்காது. இந்தக் கெப்களுக்கு வெளிநாட்டுக் கட்லாக்கில் போடுகிற 3,500 கிலோ, பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு. பிரேக் இல்லாவிட்டால் 750 தான், அது எந்தப் பெரிய கெப்புக்கும் பொதுவாக அதேதான். 1,400 கிலோவைப் பிரேக் இல்லாமல் இழுத்துக்கொண்டு போகும்போது ஹொரவப்பொத்தானைப் பக்கம் இருட்டில் யானை நின்றால் என்ன செய்வீர்கள்? முதல் காசை ட்ரெய்லர் பிரேக்கில் போடுங்கள், பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது தானாகப் பிடிக்கிற வகை போதும். அப்புறம், அவுட்போர்ட் என்ஜினும் எண்ணெய்த் தாங்கியும் வள்ளத்தின் பின்னணியத்தில் தானே? அப்படியென்றால் ட்ரெய்லரின் மூக்குப் பாரம், அதாவது முன்முனை கெப்பின் கொக்கியை அழுத்துகிற பாரம், குறைந்துவிடும், வால் ஆடத்தான் செய்யும். கொக்கியில் மொத்தப் பாரத்தின் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 140 கிலோ அளவு, அழுத்த வேண்டும்.

நிலாவெளியான்:
நானா, அதை எப்படி நிறுப்பது?

கிண்ணியா நானா:
தம்பலகாமம் பக்கம் ஒரு அரிசி மில்லில் மூட்டை நிறுக்கிற தராசு கேளுங்கள். சமதரையில் சில்லுகளுக்கு அடை கொடுத்து, மூக்கை மட்டும் கொக்கி உயரத்துக்குக் கட்டை வைத்துத் தராசில் இறக்குங்கள்.

நிலாவெளியான்:
நிறுத்துப் பார்த்தேன் நானா, 50 கூட வரவில்லை! வள்ளத்தின் முன்பக்கத்தை இழுத்துக் கட்டுகிற வின்ச் தூணை முன்னுக்குத் தள்ளி வள்ளத்தையும் முன்னே இழுத்து, எண்ணெய்த் தாங்கியைக் கழற்றி முன்பக்க அணியத்தில் கட்டினோம், 130க்கு வந்துவிட்டது. அனுராதபுரம் வரை ஓட்டினேன், 65இலும் ஆட்டம் இல்லை. பிரேக்குக்குச் சொல்லியிருக்கிறேன், அதுவரை மெதுவாகத்தான். கெப் மாற்றத்தான் வேண்டுமா?

கிண்ணியா நானா:
மணலில் வள்ளம் ஏற்றுகிறவருக்கு நாலு சில்லும் மெதுவாக, பலமாக இழுக்கிற ஃபோர் வீல் லோ கியர் உள்ளது வேண்டும், அது வேலை செய்கிறதா என்று மணலிலேயே போட்டுப் பாருங்கள். ஆட்களையும் ஏற்றி, பின்பெட்டியில் சாமானும் போட்டால், மூக்குப் பாரமும் கெப் சுமக்கிற கணக்கில்தான் சேரும், மறக்காதீர்கள். நான் என்றால் டி-மக்ஸ், ஸ்பிரிங் கொஞ்சம் கடினம்தான், பாரத்துக்கு அதுவே வசதி. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் தான் திறந்தது, அதனால் கைமாறி வருகிற பலது வயசு போனது. கடற்கரைப் பக்கம் ஓடியதென்றால் பெயின்டைப் பார்க்காமல் கீழே படுத்து, பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில் சேஸியை ஸ்குரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். துருப் பொரிந்து கொட்டினால் விலை பேச வேண்டாம்.