முதுகுப் பையுடன் மலையேறும்போது கேமராவை எங்கே மாட்டுவது?

கேள்வி (கோவைக்காரன்):
வணக்கம். வரும் அக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு, அதாவது 4,130 மீட்டர் உயரத்துக்கு, நடந்து செல்லவிருக்கிறேன். ஒத்திகையாக வெள்ளியங்கிரி ஏறியபோது, லென்ஸோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ எடையுள்ள கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். படியேறக் குனியும்போதெல்லாம் அது முன்னே ஆடி மூங்கில் கம்பில் இடித்தது. மூன்றாம் மலை தாண்டுவதற்குள் பிடரி விறைத்துவிட்டது. பைக்குள் வைத்த பிறகோ, ஒவ்வொரு முறையும் பையை இறக்கச் சோம்பி, ஏழாம் மலை வரை ஒரு படம்கூட எடுக்கவில்லை. கேமரா கைக்கெட்டும் இடத்தில் இருக்கவும் கழுத்து தப்பவும் வழி உண்டா?

பதில் (நடைவாசி):
கழுத்துப் பட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள் நண்பரே. பையின் பாரத்தை இடுப்புப் பட்டை தாங்குவதுபோல, கேமராவின் பாரமும் பையின் மீதே இறங்க வேண்டும். அதற்கென்றே பையின் தோள்வாரில் இறுக்கிக்கொள்ளும் கிளிப்புகள் கிடைக்கின்றன. நான் வைத்திருப்பது பீக் டிசைன் கேப்சர். கேமராவின் அடியில் ட்ரைபாட் மாட்டும் துளையில் ஒரு சிறு தகட்டைத் திருகினால், அது கிளிப்பின் காடியில் ‘டக்’கென்று உட்காரும், பொத்தானை அழுத்தியபடி மேலே இழுத்தால் ஒரே கையில் வந்துவிடும். நான் இடது வாரில் மாட்டி, வலக்கையால் எடுக்கிறேன். ஒரு பக்கமாக இழுக்காமலிருக்க, மறு வாரில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் தொங்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நாள் முழுதும் நடக்கும் அதிர்வில் அந்தத் திருகு மெல்லத் தளரும். திருகின் தலையிலிருந்து தகடு வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு, உட்காரும் இடந்தோறும் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் (மலைப்பாட்டி):
தம்பி, கிளிப் நல்லதுதான். ஆனால் ஒன்றரைக் கிலோ அதற்கு அதிகம் என்பேன். போகும் வழியில் சோம்ரோங் என்ற ஊரிலிருந்து ஆறு வரை கற்படிகளில் இறங்கி, மறுகரையில் சினுவா என்ற ஊருக்கு ஏற வேண்டும். திரும்பும்போது அதே கதைதான். இரு கைகளிலும் ஊன்றுகோல் இருக்க, ஒவ்வொரு படிக்கும் கேமரா மார்பில் மோதினால், மாலைக்குள் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவீர்கள். முதலில் லென்ஸைச் சிறியதாக்குங்கள். இன்னொன்று, குளிரில் மின்கலம் விரைவில் தீர்ந்துபோகும். உபரி மின்கலத்தைச் சட்டையின் உள்பையில், உடல் சூட்டில் வையுங்கள். விடுதியின் சூடான சாப்பாட்டு அறைக்குள் நுழையுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடிவிட்டால், ஈரம் பையின் மேல் படியுமே தவிர லென்ஸின் மேல் படியாது.

கோவைக்காரன்:
இருவருக்கும் நன்றி. நண்பர் ஒருவரின் கிளிப்பை இரவல் வாங்கி, பழைய 50 மி.மீ. லென்ஸுடன் அடுக்ககத்தின் ஆறு மாடிகளை நான்கு முறை ஏறி இறங்கினேன். கழுத்து வலி அறவே இல்லை. லென்ஸின் முனைதான் விலாவில் குத்துகிறது.

நடைவாசி:
கிளிப்பை இரண்டு விரற்கடை மேலே ஏற்றுங்கள். மார்பின் குறுக்கே வரும் சிறுபட்டை கேமராவுக்குக் கீழே போகட்டும். மேலே போனால் கேமராவை எடுக்கும்போது தடுக்கும்.