ஆஸ்கியில் 2 ஸ்டேஷன் போச்சு, மறுபடி பிரிட்ஜிங் படிக்கணுமா? அவசரம்

கலை_ஆர்என்: வெளிநாட்டுல நர்ஸா பதிவாக எழுதுற ஆஸ்கி செய்முறைத் தேர்வு ரிசல்ட் வந்துடுச்சு. அதுல 2 ஸ்டேஷன், அதாவது ரெண்டு செய்முறைப் பகுதி, ஃபெயில். பிரிட்ஜிங் கோர்ஸ்னு சொல்ற கூடுதல் பயிற்சியை முடிச்சாத்தான் மறுபடி விடுவாங்களா? முழு ஃபீஸும் கட்டணுமா? வீசா போயிடுமா? யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நைட்_டூட்டி: எந்த நாடு சிஸ்டர்? ஆஸ்திரேலியாவுலயும் ஆஸ்கி இருக்கு, நியூசிலாந்துலயும் இருக்கு. எந்த ஸ்டேஷன் போச்சு, இது எத்தனையாவது தடவை, இதெல்லாம் சொல்லாம எப்படிச் சொல்றது?

மணி_பேண்ட்6: எல்லாம் கையெழுத்துதான். படிக்க முடியலைன்னா மார்க் போட மாட்டாங்க. நாலு கோடு நோட்டு வாங்கி எழுதிப் பழகச் சொல்லுங்க.

ஏப்ரன்_அக்கா: ஸ்டேஷன் பேரே தெரியாம கையெழுத்துக்குப் போயிட்டீங்களே மணி. தங்கச்சி, யூகேன்னு வச்சுக்கிட்டுச் சொல்றேன். அங்க பிரிட்ஜிங் கோர்ஸ் கிடையாது. வெளிநாட்டு நர்ஸுங்களுக்கு இருந்த பழைய ஓவர்சீஸ் நர்சஸ் புரோகிராம் 2014-லயே போச்சு, அதுக்குப் பதிலாத்தான் சிபிடிங்கிற கம்ப்யூட்டர் தேர்வும் ஆஸ்கியும் வந்துச்சு. மொத்தம் 10 ஸ்டேஷன். 7 வரைக்கும் ஃபெயில் ஆனா, ஃபெயில் ஆனதை மட்டும் எழுதினாப் போதும், 397 பவுண்டு. 8-ம் அதுக்கு மேலயும்னா பத்தும் மறுபடி, 794 பவுண்டு. ரெண்டு தடவைக்கு நடுவுல 10 நாளாவது இடைவெளி வேணும். ஒரு விண்ணப்பத்துக்கு 3 வாய்ப்பு. மூணும் போனா 6 மாசம் காத்திருந்து புதுசா விண்ணப்பிக்கணும்.

கலை_ஆர்என்: யூகேதான் அக்கா, சாரி. அடல்ட் நர்சிங் பிரிவு, முதல் தடவை. போனது இம்ப்ளிமென்டேஷனும் (சார்ட் பார்த்து மருந்து கொடுக்கிறது) ஐஎம் இன்ஜெக்ஷனும் (தசையில போடுற ஊசி). வந்து 2 மாசம் ஆச்சு. வீசாவுக்கு 8 மாசம் கெடுன்னு சொல்றாங்களே, அது லேண்ட் ஆன நாள்ல இருந்துதானே?

நைட்_டூட்டி: இல்ல. உங்க சிஓஎஸ்-ல, அதாவது வேலை தர்றவங்க கொடுத்த ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்ல, வேலை தொடங்கும் தேதின்னு ஒண்ணு இருக்கும், அதுல இருந்து. அந்தத் தேதியில இருந்து 3 மாசத்துக்குள்ள முதல் ஆஸ்கி, 8 மாசத்துக்குள்ள நர்ஸா பதிவு. சிஓஎஸ் தேதி முந்தி இருந்தா, நீங்க நினைக்கிறதைவிட நாள் கம்மி. இன்னைக்கே அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்க, ஸ்பான்சர்கிட்டயும் பேசிடுங்க. ரிசல்ட்ல காரணம் போட்டிருப்பாங்களே, அதையும் போடுங்க.

பழைய_கை: தேர்வு மையங்கள் மாதிரித் தேர்வையும் மார்க்கிங் கிரைட்டீரியாவையும் பொதுவுலயே போட்டிருக்காங்க. அதைத் திறந்துகூடப் பார்க்காம கோச்சிங் வாட்சப் பிடிஎஃப்-ஐ மனப்பாடம் பண்ணிட்டுப் போனா இப்படித்தான். வாரத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோட வர்றாங்க.

கலை_ஆர்என்: இம்ப்ளிமென்டேஷன்ல அலர்ஜி செக் பண்ணலைன்னு வந்திருக்கு. ஆனா நான் வாயால கேட்டேன்! ஐஎம்-ல ஷார்ப்ஸ்னு (ஊசி மாதிரி கூர்மையான பொருளைக் கையாள்றது) இருக்கு.

ஏப்ரன்_அக்கா: கேட்டது பாதிதான்மா. அவங்க சொன்ன பதிலை ரிஸ்ட்பேண்டோடயும் டிரக் சார்ட்டோடயும் ஒப்பிட்டுப் பார்க்கிறது எக்ஸாமினர் கண்ணுக்குத் தெரியணும். பேரும் பிறந்த தேதியும் அதே மாதிரிதான். அப்புறம் சார்ட்ல முதல் பக்கத்துல இருந்து எல்லாத்தையும் படிங்க. பொறி அங்கதான் இருக்கும். பென்சிலின் அலர்ஜின்னு மேல இருக்கும், கீழ பென்சிலின் வகையான கோ-அமாக்சிக்ளாவ் எழுதியிருக்கும். இல்லைன்னா 08:00-க்குக் கோ-கோடமால் 30/500 ரெண்டு மாத்திரை கொடுத்ததாப் பதிவு இருக்கும், 10:30-க்குப் பாராசிட்டமால் 1 கிராம் நிக்கும். அந்த ரெண்டு மாத்திரையிலயே 1 கிராம் பாராசிட்டமால் போயாச்சு. 4 மணி நேரம் ஆகலை, கொடுக்கக் கூடாது. கொடுக்கலைன்னா கட்டத்தைக் காலியா விடாம, சார்ட்ல இருக்கிற கோட் நம்பரையும் காரணத்தையும் எழுதி, நோயாளிகிட்டயும் சொல்லணும். கொடுக்கிற மாத்திரைக்கு, முழுங்கினதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. முன்கூட்டியே போட்டா அதுவே தப்பு.

நைட்_டூட்டி: ஷார்ப்ஸ்னா பெரும்பாலும் ஊசிக்கு மூடி திருப்பிப் போட்டிருப்பீங்க. ஊர்ல கைக்குப் பழகின வேலை அது, தன்னால போகும். 2013 ஷார்ப்ஸ் விதிப்படி யூகேல அது கூடாது. ஷார்ப்ஸ் பின்னை (ஊசி போடுற டப்பா) கையோட எடுத்துட்டுப் படுக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டா மூடியைத் தேடவே தோணாது. 90 டிகிரியில குத்தி, 1 மில்லிக்கு 10 விநாடி கணக்குல மெதுவா செலுத்தி, 10 விநாடி நின்னு எடுங்க.

மணி_பேண்ட்6: மருந்தைச் செலுத்துறதுக்கு முன்னாடி சிரிஞ்சோட பிளஞ்சரைப் பின்னால இழுத்து ரத்தம் வருதான்னு பார்க்கணும், அதை விட்டுட்டீங்களே.

நைட்_டூட்டி: டெல்டாய்டுல (மேல்கைத் தசை) தடுப்பூசிக்கு அது தேவையில்லைன்னு யூகேயோட தடுப்பூசி வழிகாட்டியான கிரீன் புக்லயே இருக்கு.

மணி_பேண்ட்6: இது தடுப்பூசி இல்லையே. டார்சோகுளூட்டியல்ல (புட்டத்தோட பின்பக்கம்) பக்கத்துலயே குளூட்டியல் ரத்தக்குழாய் ஓடுது. அங்க இழுத்துப் பார்க்காம போடுவீங்களா?

பழைய_கை: ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி. இடத்தைப் பொறுத்தது. தேர்வுல எந்த இடம் கேட்கிறாங்களோ, அந்தக் கிரைட்டீரியாவுல என்ன வரி இருக்கோ அதைச் செய்யணும். உங்க ரெண்டு பேரோட கொள்கையும் அந்தப் பொண்ணுக்கு வேண்டாம்.

மணி_பேண்ட்6: கொள்கை இல்ல, உடற்கூறு.

ஏப்ரன்_அக்கா: அவ கேட்டது வீசா, நீங்க ரெண்டு பேரும் பிளஞ்சரை இழுத்துக்கிட்டு நிக்கிறீங்க. கலை, மணி சொன்ன கையெழுத்துல ஒரு விஷயம் மட்டும் எடுத்துக்கோ. சார்ட்ல தப்பா எழுதினா கிறுக்கி மறைக்காதே. ஒரே கோடா அடிச்சு, கையெழுத்து, தேதி, நேரம் போடு. சிஓஎஸ் தேதி என்னன்னு இன்னும் சொல்லலையே?

கலை_ஆர்என்: சிஓஎஸ் தேதி வந்த நாளுக்கு 3 வாரம் முந்தியே இருக்கு அக்கா 😬 வார்டு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். 397 கட்டியாச்சு, 16 நாள் கழிச்சு தேதி. மூடிதான் போட்டேன், இப்போ ஞாபகம் வருது. எல்லாருக்கும் நன்றி, டூட்டிக்கு ஓடறேன்.

மணி_பேண்ட்6: வென்ட்ரோகுளூட்டியல்னா (இடுப்புப் பக்கவாட்டு) இழுக்க வேண்டாம்னு நானும் ஒத்துக்கறேன். டார்சோன்னா இழுக்கணும்.

நைட்_டூட்டி: டார்சோவே வேண்டாம்ங்கிறதுதான் என் கட்சி. சயாட்டிக் நரம்பு அங்கதான் போகுது.