ஹபக்ஸ் லெகோமெனோன் – ‘ஓராட்சிச்சொல்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் படிப்பவர்களுக்காக ‘ஹபக்ஸ் லெகோமெனோன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு ஐயா தொடங்கிய இழையை முழுக்கப் படித்தேன். கிரேக்கத்தில் அதற்கு ‘ஒருமுறை சொல்லப்பட்டது’ என்று பொருள். ஒரு நூலிலோ, ஓர் ஆசிரியரிடமோ, ஒரு மொழியில் நமக்குக் கிடைத்துள்ள எழுத்து முழுவதிலுமோ ஒரே ஒருமுறை வரும் சொல் அது. புதிய ஏற்பாட்டில் வரும் வெவ்வேறு சொற்கள் ஏறத்தாழ 5,400. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த வகைதான். விளக்கவுரை எழுதும் எவரும் இதைத் தொடாமல் போக முடியாது என்பதால் சொல்லை நிதானமாகத் தேர்ந்தெடுப்போம்.

> ‘தனிச்சொல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் இறுதியில் வரும் சீருக்கு யாப்பிலக்கணத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ‘ஒருமைச்சொல்’ என்றால் ஒருமை, பன்மை குறுக்கே வரும்.

> ‘அருஞ்சொல்’ போதாதா?

அருமை வேறு, எண்ணிக்கை வேறு. 2 தீமோத்தேயு 1:5இல் லோவிசாளைப் பாட்டி என்று குறிக்க ‘மம்மே’ என்ற சொல் வருகிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் அது இருக்கிறது. ஆனால் வீட்டில் புழங்கும் சாதாரணச் சொல் அது. பொருளில் எந்தச் சிக்கலும் இல்லை. அதை அருஞ்சொல் என்றால் படிப்பவர் இல்லாத புதிரைத் தேடப் போவார்.

> ‘விவிலியத் தனிவழக்கு’ என்று சொன்னால் அழகாக இருக்கும்.

அழகுதான், ஆனால் எனக்கு மிகுந்த தயக்கம் தருவது இந்தப் பரிந்துரைதான். ‘தனிவழக்கு’ என்றதும் அந்தச் சொல் வேதத்துக்கே உரியது, வெளியே எங்கும் இல்லை என்ற முடிவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். 1 கொரிந்தியர் 16:1, 2 வசனங்களில் பவுல் எழுதும் ‘லோகேயா’வைப் பாருங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘தர்மப்பணம்’ என்று இருக்கிறது. வேறெங்கும் கிடைக்காத சொல் என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. அப்புறம் எகிப்தின் பாப்பிரஸ் தாள்களிலும் ஓட்டுச் சில்லுகளில் எழுதிய ரசீதுகளிலும் அதே சொல் கிடைத்தது. பணம் திரட்டுவதைக் குறிக்கும் நடைமுறைச் சொல்தான். ஜெர்மானிய விவிலிய அறிஞர் அடோல்ஃப் டைஸ்மான் 1895 முதல் எழுதிய நூல்களில் இப்படிப் பல சொற்களை எடுத்துக்காட்டினார். ‘வேதக் கிரேக்கம்’ என்று தனியொரு மொழி இருந்தது என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. பரமண்டல ஜெபத்தில் ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரம்’ என்கிறோமே, அந்த ‘வேண்டிய’ நிற்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘எபியூசியோஸ்’. இந்தச் சொல் அறிஞர் எழுத்திலும் இல்லை, மக்கள் பேச்சிலும் இல்லை, நற்செய்தியாளர்களே ஆக்கியதாகத் தோன்றுகிறது என்று 3ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர் ஓரிகன் எழுதிவிட்டார். ஜெரோம் லத்தீனில் பெயர்த்தபோது லூக்காவில் ‘அன்றாட’ என்றும், மத்தேயுவில் ‘பொருண்மைக்கு மேற்பட்ட’ என்றும் ஒரே சொல்லை இரு விதமாக எழுதினார். பிறகு, எகிப்தின் ஹவாராவில் கிடைத்த ஒரு செலவுக் கணக்கில் இந்தச் சொல்லின் பகுதியைப் படித்ததாக 1889இல் ஆங்கில அறிஞர் சேஸ் வெளியிட்டார். உணவுப்படி என்ற பொருளுக்குச் சான்று கிடைத்துவிட்டது என்று பலரும் அதை எடுத்தாண்டார்கள். இதற்கிடையில் தாள் காணாமல் போனது. 1998இல் அது யேல் பல்கலைக்கழகத்தில் மீண்டும் அகப்பட்டபோது, அங்கே எழுதியிருந்தது ‘எலையூ’, அதாவது எண்ணெய், என்று தெரிந்தது. சொல் மறுபடியும் தனியே நின்றது.

ஆகவே நம் கலைச்சொல் எண்ணிக்கையை மட்டும் சொல்லட்டும். என் பரிந்துரை: ஓராட்சிச்சொல். ‘ஆட்சி’ என்பதைச் சொல்லின் பயன்பாடு என்ற பொருளில் ‘சொல்லாட்சி’யில் நாம் எல்லோரும் அறிவோம். அரசாட்சி நினைவுக்கு வரும் என்று யாரேனும் சொல்லலாம். பின்னால் ‘சொல்’ ஒட்டி நிற்பதால் அந்தக் குழப்பம் நீடிக்காது. ‘ஒருவரவுச்சொல்’ என்பதையும் யோசித்தேன். கணக்கு வழக்கின் வரவு, செலவு வாடை அதில் கூடுதல்.

கூடவே ஒரு விதியும் வேண்டும். எல்லையைச் சொல்லாமல் இந்தச் சொல்லை எழுதக் கூடாது. ‘புதிய ஏற்பாட்டு ஓராட்சிச்சொல்’, ‘பவுலின் ஓராட்சிச்சொல்’ என்றே எழுத வேண்டும். இதை நான் வற்புறுத்தக் காரணம் 1 தீமோத்தேயு 2:12. ‘அதிகாரஞ்செலுத்தவும்’ என்று நாம் படிக்கும் இடத்தில் இருக்கும் ‘அவுதென்தேயின்’ புதிய ஏற்பாட்டில் ஒரேமுறை வருவது. பெண்கள் சபையில் போதிக்கலாமா என்ற வாதம் பெரிதும் இந்தச் சொல்லைச் சுற்றியே நடக்கிறது. ‘ஒரேமுறை வரும் சொல், ஆகவே பொருள் தெரியாது’ என்று ஒரு பக்கம் அடித்துப் பேசினால் அது தவறு, கி.மு. 27 அளவில் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் கடிதத்தில் இந்த வினை இருக்கிறது, பிற்காலத்திலும் சான்றுகள் உண்டு. ‘பொருள் சந்தேகமே இல்லை’ என்று மறுபக்கம் சொன்னால் அதுவும் நிற்காது. பவுலின் காலத்துக்கு முந்தைய சான்றுகள் வெகு சில, அந்தக் கடிதத்தில் வரும் பொருளிலேயே அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒரு பெண்ணின் ஊழியத்தையே தீர்மானிக்கிற இடத்தில், ‘எந்த எல்லைக்குள் ஒருமுறை?’ என்ற கேள்வியைக் கலைச்சொல்லே எழுப்ப வேண்டும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. எபியூசியோஸ் மத்தேயு 6:11இலும் லூக்கா 11:3இலும் வருகிறது, திதகே என்ற பழைய திருச்சபை நூலிலும் வருகிறது. எண்ணிப் பார்த்தால் ஓராட்சி இல்லை. ஆனால் மூன்றும் ஒரே ஜெபம்தான். இத்தகையவற்றுக்கு ‘ஒற்றைச்சான்றுச் சொல்’ என்று வேறொரு பெயர் வைப்பது நல்லது என்று நினைக்கிறேன். சொல்லடைவு தயாரிக்கும் நண்பர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்களா என்று சொல்லுங்கள்.

இருமுறை வருவதற்கு ஈராட்சிச்சொல், மும்முறைக்கு மூவாட்சிச்சொல். அதற்கு மேல் பெயர் வேண்டாம், எண்ணை எழுதினால் போதும்.